சாஸ்திரத்தோடு வந்த பூனைகள்

போன மாதம் அபிராமபுரத்தில் புதிதாகக் கட்டிய பிராணி வைத்தியசாலை ஒன்றைத் திறந்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கூடத்தில் பார்த்த இடமெல்லாம் பூனை. கூடையில் பூனை, மடியில் பூனை, குழந்தையைப்போலத் தோளில் சாய்த்த பூனை. அங்கே வேலை பார்க்கும் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர், "ஐயா, உங்க காலத்துல பூனைக்கெல்லாம் வைத்தியம் உண்டா? ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றார். எழுந்து நின்றேன். மூச்சு வாங்கியது. "உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கை தட்டினார்கள். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்பு மயிலாப்பூரில் ஒரு மிருக வைத்தியசாலையில் கம்பவுண்டராகச் சேர்ந்தேன். வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதல்ல. மருந்தை இடித்துச் சலிப்பது, முரட்டு மாட்டின் மூக்கணாங்கயிற்றை எந்தப் பக்கம் இழுப்பது, மூங்கில் குழாயால் மருந்து ஊற்றும்போது புரையேறாமல் பார்த்துக்கொள்வது, குதிரையின் பின்னால் நடக்காமல் இருப்பது. கடைசிப் பாடத்தை ஒரு ஜட்கா குதிரை ஒரே உதையில் கற்றுக்கொடுத்தது. மழைக்காலம் வந்தால் இடது முழங்கால் இன்றும் அதை ஒப்பிக்கிறது.

என் மேலதிகாரி டாக்டர் அருளப்பன். சாந்தோம்காரர், கத்தோலிக்கர். மிருகத்தை உடனே தொடமாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரக்கையோடு தள்ளி நின்று பார்ப்பார். மூச்சு எப்படிப் போகிறது, எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறது, காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த நேரத்தில் யார் பேசினாலும் பதில் வராது. பார்த்து முடித்ததும் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கடைசியா எப்ப தின்னுச்சு?" பதில் தெரியாமல் விழிக்கிறவர்கள்மேல் அவருக்குக் கோபம் வராது, முகத்தில் ஓர் அலுப்பு வரும். என்னையும் அவர் கோபித்ததில்லை. நான் கட்டிய கட்டு சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் பிரித்து, தானே மறுபடி கட்டுவார். நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

எங்களிடம் வந்ததெல்லாம் மாடும் குதிரையும்தான். பூனை எப்போதாவது வரும். பசுவைக் கொண்டுவருகிறவர் பாலைப் பற்றிப் பேசுவார். ஜட்காக்காரர் சவாரியைப் பற்றிப் பேசுவார். பூனையைக் கொண்டுவருகிறவர்கள் மட்டும் சாஸ்திரம் பேசினார்கள்.

ஒருமுறை தியாகராய நகரிலிருந்து ஒரு குமாஸ்தா சாக்கில் சுற்றிய பூனையோடு ஓடிவந்தார். சமையற்கட்டில் பால் பாத்திரத்தை உருட்டிய பூனைமேல் ஆத்திரத்தில் உலக்கையை வீசியிருக்கிறார்.

"எப்படியாவது காப்பாத்திடுங்கோ டாக்டர். இது செத்துப்போனா தங்கத்துல பூனை பண்ணித் தானம் குடுக்கணுமாம். வெள்ளியில பண்ணினாப் போறுமான்னு ஆத்துப் புரோகிதரைக் கேட்டிண்டிருக்கேன்."

"முதல்ல நெஜப் பூனைய மேஜைமேல வைங்க" என்றார் டாக்டர்.

அந்தப் பூனை பிழைத்தது. குமாஸ்தா சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொருவர் காதர் பாய். கோவில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் மெத்தை தைக்கிறவர். பஞ்சு மூட்டைக்கு எலி வரும், எலிக்குப் பூனை வரும். அவர் கடையில் இரண்டு மூன்று பூனைகள் எப்போதும் பஞ்சில் புதைந்து தூங்கும். சொறிக்கு மருந்து வாங்க வருவார்.

"எங்க மார்க்கத்துல பூனை சுத்தமான ஜீவன், டாக்டர் சாப். அது வாய் வெச்ச தண்ணியில கை கால் கழுவித் தொழுவலாம். நம்மள சுத்திக்கினு வர்ற உசுரு அது. ஒரு பொம்பளை பூனைய அடைச்சி வெச்சிட்டாளாம். சோறும் போடல, தானா மேஞ்சி துன்னவும் விடல. அது செத்துப்பூட்ச்சி. அந்தப் பாவத்துக்கே அவளுக்கு நரகம்னு ஹதீஸ்ல கீது."

டாக்டருக்கு இதையெல்லாம் கேட்பது பிடிக்கும். பாய் போனபின் என்னிடம், "எங்க வேதாகமத்துல தேடித் தேடிப் பார்த்தேன், அருணாசலம். பூனை ஒரே ஒரு இடத்துலதான் வருது. பாபிலோன் கோயில்ல சிலைங்க தலைமேல வவ்வாலும் குருவியும் உக்காருமாம். கூடவே பூனையும். பூனைக்கே பயமில்ல, அப்ப அந்தச் சிலை தெய்வமில்லன்னு தெரிஞ்சுக்கங்கன்னு போட்டிருக்கு" என்று சிரித்தார். "எகிப்துல பார்த்தா பூனையையே தெய்வமா கும்பிட்டிருக்காங்க. வீட்டுப் பூனை செத்தா வீட்ல இருக்கறவங்க புருவத்தைச் சிரைச்சுக்குவாங்களாம். பாவம், பூனை. ஒரு எடத்துல சாமி, ஒரு எடத்துல சாமியில்லங்கறதுக்குச் சாட்சி. அதுக்கு வேண்டியது ரெண்டு எலி."

மயிலாப்பூரில் பூனையைப் பற்றி யாரைவிடவும் அழகாகப் பேசியவர் கேசவாச்சாரியார். தென்கலை வைஷ்ணவர், உபந்நியாசம் செய்கிறவர். பெருமாள் கோவில் மண்டபத்தில் அவர் பேசினால் தெருவரை கூட்டம் நிற்கும். நானும் நின்றிருக்கிறேன். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி விட்டால் விழுந்துவிடும். பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. இருந்த இடத்தில் கிடந்து கத்தும். தாய் வந்து வாயால் கவ்விக்கொண்டு போகும். பகவானிடம் ஜீவன் அப்படிக் கிடந்தால் போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான் என்று அவர் சொல்லும்போது பெண்கள் அழுவார்கள். ஜட்கா குதிரையிடம் உதை வாங்கிய எனக்கும் அந்த நேரத்தில் முழங்கால் வலி மறந்துபோகும்.

நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில் ஜப்பான்காரன் வந்து குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியாயிற்று. ரயிலிலும் கட்டை வண்டியிலும் தட்டுமுட்டுச் சாமானோடு ஜனம் போய்க்கொண்டே இருந்தது. தெருத் தெருவாகப் பூட்டுத்தான் தொங்கியது. மனிதர்கள் போனார்கள், மிருகங்கள் கிடந்தன. பால்காரர்களும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டதால் வைத்தியசாலைக்கு மாடு வருவது நின்றது. எங்களுக்கு மிஞ்சியது விட்டுப்போன நாய்களையும் பூனைகளையும் பொறுக்கும் வேலை. பிழைக்கக்கூடியதற்குக் கஞ்சி, பிழைக்காததற்குக் குளோரோபாரம். அந்த வாடை என் சட்டையில் ஏறி, சட்டையிலிருந்து சோற்றில் ஏறியது.

அப்படி ஒரு நாள் காலை காதர் பாய் வந்தார். மனைவி மக்களை ஆற்காட்டுக்கு அனுப்பிவிட்டு, பட்டாள ஆஸ்பத்திரிக்கு மெத்தை தைத்துக்கொடுக்கத் தான் மட்டும் தங்கியிருந்தார்.

"டாக்டர் சாப், ஐயிரு வூட்டு மாடியில பூனை கத்திக்கினே கீது. வூட்டப் பூட்டிக்கினு கும்பகோணம் பக்கம் பூட்டாங்க."

ஐயிரு என்று அவர் சொன்னது கேசவாச்சாரியாரை. பாயின் கடையும் அவர் வீட்டின் பின்புறமும் ஒரே சந்தில் முட்டும். போய்ப் பார்த்தோம். மாடியில் சுவடி அறை. ஜன்னலின் மரக்கதவு இறுகச் சாத்தியிருந்தது. பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் இடுக்கு. அதன் வழியாகத்தான் குரல் வந்தது. தொண்டை வறண்ட குரல்.

டாக்டர் அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். இன்ஸ்பெக்டர் மரியாதைக்காரர்தான். ஆனால் பூட்டிய வீடுகளில் திருட்டு நடப்பதால் அவருக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி.

"ஒரு பூனைக்காகப் பூட்டை ஒடைக்கச் சொல்றீங்களா, டாக்டர்? சொந்தக்காரர் சம்மதம் இல்லாம நானே அந்த வாசப்படி ஏறக்கூடாது. நாளைக்கு ஒரு வெள்ளிச் சொம்பு காணோம்னா யாரு பதில் சொல்றது?"

"பூனை செத்துப்போகும்."

"ஊர்ல மனுஷன் இருப்பானா மாட்டானான்னே தெரியலையே, டாக்டர்."

அவர் சொன்னதிலும் பொய்யில்லை. திரும்பினோம். மாட்டுக்கு மருந்து ஊற்றும் நீள மூங்கில் குழாய் ஒன்றை எடுத்துக் காதர் பாயிடம் கொடுத்தேன். அவர் தன் ஓட்டுக் கூரையின் முகட்டில் ஏறி உட்கார்ந்து, குழாயை ஜன்னல் இடுக்கில் செருகி, கிடைத்த பாலையும் கஞ்சித் தண்ணீரையும் ஊற்றினார். அது உள்ளே சுவரோரமாக வழியும். நக்கும் சத்தம் வெளியே கேட்கும். கேட்டதும் அவர் கூரைமேலிருந்தே என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்.

ஊரில் பால் கிடைக்காத சமயம். "ஒரு துண்டு மீனை உள்ளே தள்ளிவிட்டால் என்ன பாய்?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா கம்பவுண்டரே நீ! அது சாமி ஏடுங்க வெச்சிருக்கற ரூமு. அதுல மீனு வாடை அடிக்கலாமா? வூட்டுக்காரன் இல்லாதப்ப அவன் மானத்த நாமதான் காப்பாத்தணும்."

நாளுக்கு நாள் குரல் இளைத்தது. ஒரு நாள் குழாயில் ஊற்றியது வழிந்தது. நக்கும் சத்தம் வரவில்லை. அன்று நடுப்பகல் எங்கள் வைத்தியசாலை வாசலில் காதர் பாய் வந்து நின்றார். மார்போடு அணைத்த துண்டில் ஏதோ மூட்டை. பக்கத்தில், விமானத் தாக்குதல் பாதுகாப்புக்காகத் தெருக்காவல் சுற்றும் ஏ.ஆர்.பி. வார்டன் ஒருவர் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாய் கூரையிலிருந்து மொட்டைமாடிக்குத் தாவி, கதவின் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே போயிருக்கிறார். திரும்பி இறங்கும்போது வார்டன் பார்த்துவிட்டார்.

"இத்த டாக்டர் கையில குட்த்துட்டு அப்பறம் எங்க இஸ்த்துக்கினு போனாலும் வர்றேன்னு சொன்னேன். நல்ல மனுசன், ஒத்துக்கினாரு" என்று மூட்டையை மேஜைமேல் வைத்தார். "கதவத் தொறந்தா வாசப்படியிலயே கெடக்குது, டாக்டர் சாப். வாயில குட்டி. அத்தக் கவ்விக்கினே கதவு வரிக்கும் வந்திருக்குது. உள்ள இன்னும் ரெண்டு குட்டி. அதுங்க செத்துப்பூட்ச்சி."

பிறகு வார்டனிடம் கையை நீட்டினார். இருவரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள்.

டாக்டர் அன்று தள்ளி நின்று பார்க்கவில்லை. கடிகாரத்தையும் கழற்றவில்லை. பூனையின் தோளில் தோலைச் சிட்டிகையாகப் பிடித்து இழுத்து விட்டார். இழுத்த தோல் கூடாரம்போல அப்படியே நின்றது. ஈறு வெளுத்து, விரல் வைத்தால் ஒட்டியது. கண்ணின் உள் இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. வாய் மட்டும் குட்டியை விடவில்லை. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தாடையின் இரண்டு மூலையிலும் வைத்து, அவசரப்படாமல் அழுத்தி, குட்டியை விடுவித்தார். அது கறிவேப்பிலைக் கொத்துக் கனம்கூட இல்லை. உயிர் இருந்தது.

உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து வடிகட்டி, உள்ளங்கைச் சூட்டுக்கு ஆற்றி, ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்கடியில் ஏற்றினார். ஏற்றிய இடம் புடைக்கும். அதை நான் மெல்லத் தேய்த்துக் கரைக்க வேண்டும். குளுக்கோஸ் தண்ணீரைக் கன்னத்து இடுக்கில் ஒவ்வொரு சொட்டாக விடுவது என் வேலை. தொண்டை அசைவதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். குட்டிக்கு மை நிரப்பும் ரப்பர் பில்லரால் பால். மறுநாள் தாய் தலையைத் தூக்கிக் குட்டி இருந்த பக்கம் பார்த்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. அதற்கு அடுத்த நாள் பிற்பகல், டாக்டரின் கை அதன் விலாவின்மேல் இருக்கும்போதே மூச்சு நின்றது.

"குழாய்ல குடிச்ச பாலையெல்லாம் குட்டிக்கே குடுத்துட்டா" என்றார் டாக்டர். கை கழுவப் போனவர் நெடுநேரம் வரவில்லை.

காதர் பாய் லாக்கப்பில் இருந்தார். ஆள் இல்லாத வீட்டில் புகுந்தவர்களுக்குக் கடுமையான தண்டனை என்று அப்போது பேச்சு. டாக்டர் இரண்டு முறை போய் இன்ஸ்பெக்டரிடம் பூனையின் நிலையை விளக்கினார். "பூனை பட்டினி கிடந்ததுக்கு நீங்க சாட்சி. இந்த ஆள் எதுக்கு ஏறினான்கிறதுக்கு யார் சாட்சி?" என்றார் இன்ஸ்பெக்டர். கடைசியில் கேசவாச்சாரியாருக்குப் போலீஸ் தந்தி போயிற்று.

அவர் வந்து சேர்ந்த அன்று எங்களையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பஞ்சகச்சம் கசங்கியிருந்தது. ஒரு மூலையில் காதர் பாய், தாடி கலைந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னென்ன காணோம், சுவாமி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணும் காணலை. பாத்திரம் பண்டம் எல்லாம் இருக்கு. நான் எழுதி வெச்சிருந்த வியாக்கியானக் கட்டு ஒண்ணு கிழிஞ்சு கிடக்கு. பூனை குட்டி போடறதுக்கு அதைப் படுக்கையா பண்ணிண்டிருக்கு."

"இவன் உள்ள நுழைய நீங்க அனுமதி குடுத்திருந்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். டாக்டர் அவர் முகத்தையே பார்த்தார்.

"குடுக்கலை" என்றார் கேசவாச்சாரியார்.

காதர் பாய் தலை நிமிரவில்லை.

"முதல்ல அவரை இவன்னு சொல்லாதேங்கோ. அனுமதி குடுக்க நான் ஊர்லயே இல்லை. இன்னொண்ணும் சொல்றேன், எழுதிக்கோங்கோ. அந்தப் பூனை தவறிப்போய் உள்ள மாட்டிக்கலை. நான்தான் வெச்சுப் பூட்டினேன். ஆத்துல ஆள் இல்லேன்னா எலி வந்து சுவடியைத் தின்னுடுமேன்னு. தயிர் சாதமும் தண்ணியும் வெச்சேன். நாலு நாள்ல திரும்பிடலாம்னு நெனைச்சேன். போன இடத்துல ஆத்துக்காரி ஜுரத்துல விழுந்துட்டா. பூனை ஞாபகமே வரலைன்னு சொன்னா அது பொய். தினம் வந்தது. பெருமாள் பாத்துப்பார்னு இருந்துட்டேன்."

அவர் காதர் பாய் நின்ற மூலைப்பக்கம் திரும்பினார்.

"பாத்துண்டுதான் இருந்திருக்கார். கூரைமேல ஆளை அனுப்பிச்சிருக்கார். அவரைப் பிடிச்சு நீங்க உள்ள வெச்சிருக்கேள். யாரையாவது தண்டிச்சுத்தான் ஆகணும்னா என்னைத் தண்டியுங்கோ."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கான்ஸ்டபிளிடம், "பாய் சாமானை எடுத்துக் குடு" என்றார்.

வெளியே வந்ததும் கேசவாச்சாரியார் டாக்டரிடம், "கடைசியில எப்படி இருந்தது?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். வாசற்படியில் கிடந்தது, வாயில் குட்டி இருந்தது, தாடையை அழுத்தித்தான் எடுக்க முடிந்தது என்று நான் சொன்னேன். அவர் ஸ்டேஷன் படியிலேயே வெயிலில் உட்கார்ந்துவிட்டார். யாரும் எழுப்பவில்லை.

குட்டியைக் காதர் பாய் தன் கடைக்குக் கொண்டுபோனார். சில நாள் கழித்து அதற்குக் கண் மருந்து கொடுக்கப் போயிருந்தேன். அப்போது கேசவாச்சாரியார் சந்துக்குள் வந்து கடைக்கு வெளியே நின்றார்.

"பாய், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு சாமி."

"அந்தக் குட்டியை என்கிட்ட குடுக்கணும். நான் வளர்க்கறேன்."

பாய் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். அவர் யாரிடமும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை.

"இல்ல சாமி. குடுக்க மாட்டேன்."

கேசவாச்சாரியார் தலையசைத்தார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"பாக்கறதுக்காவது வரலாமா?"

பாய் தைத்த துணியை ஓரமாக ஒதுக்கினார். பிறகு எழுந்து, அன்று தைத்து முடித்த புது மெத்தை ஒன்றை இழுத்துத் தட்டிப் போட்டார். "உக்காரு சாமி. அங்கதான் பஞ்சுக்குள்ள தூங்கிக்கினு கீது. எழுப்பாத."

மடி, ஆசாரம் என்று தெருவில் ஒதுங்கி ஒதுங்கி நடக்கிற மனிதர். வேஷ்டியை ஒதுக்கிக்கொண்டு அந்த மெத்தையில் உட்கார்ந்தார். பாய் பஞ்சடிக்கும் வில்லை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். பஞ்சுத் துகள் பறந்து அவர் குடுமியிலும் திருமண்ணிலும் படிந்தது. அவர் தட்டிவிடவில்லை.

நான் கிளம்பினேன். சாந்தோம் பக்கம் இன்னொரு பூட்டிய வீட்டிலிருந்து குரல் கேட்கிறதென்று சொல்லியிருந்தார்கள். சந்து முனையில் டாக்டர் காத்திருந்தார். இந்த முறை இன்ஸ்பெக்டர் தாமாகவே ஒரு கான்ஸ்டபிளைக் கடப்பாரையோடு அனுப்பியிருந்தார். அந்தக் கோடை முழுதும் பூட்டு உடைத்தோம். சில வீடுகளுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம்.